கதவை உடைத்து வருபவர் போலீஸாகவும் இருக்கலாம்

"அக்கா, டெக்சஸ்ல கதவை உடைச்சுக்கிட்டு எவன் வந்தாலும் சுடலாம்தானே?"

பிறந்தநாள் விருந்து, பொங்கல் விழா, கோயில் பிரசாத வரிசை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டுவிடுகிறார். டாலஸ் பக்கம் கிரிமினல் கேஸ் பார்க்கும் தமிழ் வக்கீல் என்று தெரிந்தால் போதும். இத்தனை நாள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். போன மாதம் வந்த ஒரு ஃபோனுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு, அதிகாலை 5 மணி. ஏதோ சத்தம், அடுத்த நொடி கதவு நிலையோடு பெயர்ந்து விழுகிறது. அவர் கட்டிலோரத்து டிராயரை இழுக்கிறார். பூட்டியிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீடு என்பதால் மனைவி பூட்டி, சாவியைச் சமையலறைக் கொக்கியில் மாட்டியிருந்தார். அதற்குள் முகத்தில் டார்ச் வெளிச்சம். வந்தவர்கள் போலீஸ். வாரண்ட் எதிர் வீட்டுக்கு.

அந்த டிராயருக்குள் இருந்தது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சுட்டிருந்தாலும் கேஸ் நிக்காதுல்ல?"

நிற்கும் ஐயா. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'என் வீடு என் கோட்டை' சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவோம். டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 9.32 பிரிவு, வீட்டுக்குள் பலவந்தமாக நுழைபவனைச் சுட்டால் உங்கள் அச்சம் நியாயமானது என்று எடுத்துக்கொள்கிறது. உண்மைதான். ஆனால் அதில் 'சட்டவிரோதமாகவும்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. வாரண்டோடு வரும் போலீஸ் கதவை உடைத்தாலும் சட்டவிரோதமாக நுழைந்தவர் ஆகிவிட மாட்டார். அதற்கு முந்தைய 9.31 இன்னும் கறாரானது. சோதனைக்கு வந்திருப்பவர் போலீஸ் என்று உங்களுக்குத் தெரிந்தால், அந்தச் சோதனையே சட்டப்படி தவறு என்றாலும் எதிர்த்துக் கை ஓங்கக் கூடாது. அவர்கள் முதலில் அளவுமீறிப் பலத்தைக் காட்டினால் மட்டுமே விலக்கு.

ஆக, எல்லாம் 'தெரிந்தால்' என்பதில் வந்து தொங்குகிறது. தெரியாது, திருடன் என்றுதான் நினைத்தேன் என்று நீங்கள் சொல்லலாம். அதை நம்புவதா வேண்டாமா என்பதை ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் குழு, சொல்லும். எப்போது சொல்லும்?

இதே டெக்சஸில் ஐந்து மாத இடைவெளியில் நடந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள். 2013 டிசம்பரில் பர்ல்சன் கவுண்டியில், விடியுமுன் கதவைத் தட்டாமல் நுழைந்த அதிகாரியை ஹென்றி மெகி சுட்டுக் கொன்றார். கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தேன் என்றார். வழக்கு போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, கொலைக் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. 2014 மே மாதம் கில்லீனில், அதே போன்ற அதிகாலை, அதே போன்ற வாரண்ட், மார்வின் கை சுட்டதில் ஒரு துப்பறியும் அதிகாரி இறந்தார். அவரும் அதையேதான் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு மேல் விசாரணைக் கைதி. 2023இல் ஆயுள் தண்டனை. முதலாமவர் வெள்ளையர், இரண்டாமவர் கறுப்பினத்தவர். வழக்கின் விவரங்களில் வேறுபாடுகள் உண்டுதான். ஆனாலும் நம் நிறத்தையும் உச்சரிப்பையும் வைத்துக்கொண்டு எந்த ஜூரி கிடைக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

அப்புறம், "அவங்க தட்டித்தானே ஆகணும்?" 1995இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தில் தட்டி அறிவிப்பதும் அடங்கும் என்றது. ஆபத்தோ ஆதாரம் அழியும் வாய்ப்போ இருந்தால் விலக்கு. தட்டினாலும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? 2003இல் வந்த பேங்க்ஸ் வழக்கில் 15 முதல் 20 நொடி போதும் என்றார்கள். பேங்க்ஸ் அப்போது குளித்துக்கொண்டிருந்தார், தட்டியதே காதில் விழவில்லை. தூங்குகிறவருக்கு இந்த நேரத்தில் கண்ணாடியைத் தேடி எடுக்கவே முடியாது. தட்டுவதற்கும் தட்டாததற்கும் நடைமுறையில் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் தன் வீட்டில் பிரியானா டெய்லர் போலீஸ் சுட்டு இறந்ததும் அப்படித்தான். 2020 மார்ச் 13, நள்ளிரவு தாண்டிய நேரம். தட்டாமல் நுழைய வாரண்ட் இருந்தும் தட்டினோம், அறிவித்தோம் என்றது போலீஸ். யார் என்று கேட்டோம், பதிலில்லை என்றார் அவருடைய காதலர் கென்னத் வாக்கர். உரிமம் உள்ள துப்பாக்கியால் அவர் சுட்டது ஒரே ஒரு தடவை. பதிலுக்கு வந்தவை 32 குண்டுகள். கொலை முயற்சி வழக்கு வாக்கர் மேல்தான் முதலில் பாய்ந்தது. அது நிரந்தரமாக மூடப்பட ஒரு வருடம் ஆயிற்று. பிரியானா திரும்பி வரவில்லை. அந்த நகரம் தட்டாமல் நுழைய அனுமதிக்கும் வாரண்டுகளைத் தடை செய்தது. நல்லது. ஆனால் மினியாபொலிஸில் 2022இல், சோபாவில் போர்த்திப் படுத்திருந்த 22 வயது அமீர் லாக், போலீஸ் உள்ளே வந்த பத்து நொடிக்குள் இறந்தார். வாரண்டில் அவர் பெயரே கிடையாது. துப்பாக்கி சட்டப்படி வாங்கியது. அவர் அதைச் சுடவே இல்லை, கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வாரண்டுகளே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அரைத்தூக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் மேல் ஆயுதத்தோடு பாய்ந்துவிட்டு, அவர்கள் பதறினார்கள் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் அந்த வாதத்துக்கு இடம் நீதிமன்றமும் சட்டமன்றமும். உங்கள் படுக்கையறையில் அதை வாதாடாதீர்கள்.

எனவே, தயவுசெய்து. முதலில் ஒன்று: எச்-1பி வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருந்துகொண்டு நண்பரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறீர்களா? வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர அது ஃபெடரல் குற்றம், 15 ஆண்டு வரை சிறை. இதைச் சொன்னால் பாதிப் பேர் முகம் வெளிறுகிறார்கள். கடையில் கேட்கவில்லை, தெரிந்தவர்தான் விற்றார் என்பதெல்லாம் காரணமாகாது.

ராத்திரி கதவு தட்டப்பட்டால் துப்பாக்கியோடு கதவருகே போகாதீர்கள். உள்ளே இருந்தபடியே அவசர எண் 911ஐ அழைத்து, என் முகவரிக்கு உங்கள் ஆட்கள் வந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கதவு உடைந்து உள்ளே வந்துவிட்டார்களா, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுங்கள். கையில் ஃபோன்கூட வேண்டாம், இருட்டில் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். பிள்ளையைத் தூக்க ஓடாதீர்கள். கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஓடாதீர்கள். "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். நம் ஆட்கள் பதற்றத்தில் வேலை, சம்பளம், ஊர் வரைக்கும் விளக்கம் கொடுக்கிறார்கள். வக்கீல் வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. வாரண்டின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள முகவரியைப் படியுங்கள்.

கதவுக்கு நஷ்ட ஈடா? 2017இல் அட்லாண்டாவில் எஃப்.பி.ஐ. ஜி.பி.எஸ்ஸை நம்பி வேறு வீட்டை உடைத்தது. அந்தக் குடும்பத்தின் வழக்குக்கு உச்ச நீதிமன்றம் 2025இல்தான் உயிர் கொடுத்தது. அதுவும் மறுபடி கீழ் நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்றுதான்.

என் கட்சிக்காரர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தேன். புதுக் கதவு போட்டிருந்தார்கள். நிலைக்கு மேலே தீபாவளிக்குக் கட்டிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால்தான் ஃபிளாட் எண். கழற்றச் சொன்னேன். வாசல் வெறுமையாக இருக்கக் கூடாது என்று அவர் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் எண்ணை இடுப்பு உயரத்துக்கு இறக்கி ஒட்டியிருக்கிறார்கள், டார்ச் அடித்தால் மினுங்குகிற ஸ்டிக்கரில்.