வடக்கு மேலே இல்லை

போன மாதம் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு உள்ளூர்ப் புவியியல் எடுக்கப் போயிருந்தேன். டோப்போ ஷீட்டை (மேடு பள்ளம், ஆறு, ஊர் எல்லாம் காட்டும் நிலவரைபடம்) சுவரில் மாட்டி, வைகை வருசநாட்டு மலையில் பிறந்து கடமலைக்குண்டு வழியாக வடக்கே வருகிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், மேப்பு தப்பு. தண்ணி எப்படி மேல ஏறும்?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. கூட நின்ற ஆசிரியரும் 'அதானே' என்பதுபோல என்னைப் பார்த்தார். இதே கேள்வியைக் கம்பம் பக்கமும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், போடியிலும் கேட்டிருக்கிறார்கள். இனியும் எழுதாமல் இருந்தால் என் தப்பு.

எந்த வகுப்பிலும் "வடக்கைக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். பாதிக் கைகள் விட்டத்தைக் காட்டும், மீதி கரும்பலகையை. காரணம் அவர்கள் இல்லை, நாம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து மேப்பை ஆணியில் தொங்கவிட்டே காட்டுகிறோம். வடக்கு காகிதத்தின் மேல் விளிம்பில் இருக்கிறது; 'மேலே வடக்கு' என்று நாமும் வாயால் சொல்கிறோம். பிள்ளை அதை உயரம் என்று எடுத்துக்கொள்கிறது. வடக்கை மேலே வைப்பது வெறும் வழக்கம். 1154-இல் அல் இத்ரிசி போட்ட உலக மேப்பில் தெற்குதான் மேலே. அதற்காக எந்த ஆறும் திரும்பி ஓடவில்லை. மேடு பள்ளத்தைச் சொல்வது சம உயரக்கோட்டில் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு) இருக்கும் எண். காகிதத்தின் மேல் கீழ் அல்ல. வருசநாட்டுப் பக்கம் எண் பெரிது, வைகை அணையை நெருங்க நெருங்கச் சிறிது. அவ்வளவுதான் விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையன் வீடு மேலத்தெருவில். "உங்க தெரு ஊருக்கு எந்தப் பக்கம்?" என்றேன். யோசிக்காமல் ஜன்னல் வழியே மேற்கைக் காட்டினான். கையும் சரி, திசையும் சரி! மலை இருக்கும் மேட்டுப் பக்கம் மேற்கு, கடலை நோக்கிச் சரியும் கீழ்ப் பக்கம் கிழக்கு என்று திசைக்கே நில அமைப்பை வைத்துப் பெயர் சொன்ன மொழி நம்முடையது. மதுரையில் மேலமாசி வீதி மீனாட்சி கோயிலுக்கு மேற்கே, கீழமாசி வீதி கிழக்கே. பாட்டிக்குத் தெரிந்த புவியியலைச் சுவர் மேப்பு அழித்துவிட்டது.

ஆசிரியர்களே, தயவுசெய்து மேப்பைக் கழற்றித் தரையில் விரியுங்கள். அதன் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி திருப்புங்கள். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவையுங்கள். 1:50,000 ஷீட் என்றால் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பள்ளியிலிருந்து அவரவர் வீட்டுக்கு நூல் பிடித்து அளக்கட்டும். இதற்கு ஒரு பீரியட் போதும். அந்தப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்பார், கொடுக்காதீர்கள்.

வடக்கைக் கண்டுபிடிக்கப் போன் வேண்டாம். இரும்பு பெஞ்சு பக்கத்தில் இருந்தால் அதன் திசைகாட்டி உளறும். மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளி மேற்கு, பிற்பகலில் தொடும் புள்ளி கிழக்கு. இரண்டையும் கோட்டால் சேருங்கள். அது கிழக்கு மேற்குக் கோடு; அதற்குச் செங்குத்தாகப் போடும் கோடு வடக்கு தெற்கு.

'நண்பகல் நிழல் வடக்கே விழும்' என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். தேனி நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 10 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் தலைக்கு மேலே வரும் சூரியன், ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கும். பள்ளி திறக்கும் ஜூனில் நிழல் தெற்கே, ஒரு சாண் நீளத்துக்கு விழும். அதுவும் கடிகாரத்தில் 12 அடிக்கும்போது இல்லை, 12:20 வாக்கில். (பயிற்சி முகாம் ஒன்றில் இதைச் சொன்னபோது என்னோடு சண்டைக்கே வந்தார்கள். வெளியே போய்க் குச்சி நட்ட பிறகுதான் அடங்கினார்கள்.)

ஆற்றுக்கோ கண்மாய்க்கோ கூட்டிப்போகிறீர்களா, நல்லது. ஆனால் முந்தின நாள் நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மண் அள்ளிய கண்மாயில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியில் ஆள் ஆழப் பள்ளம் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கரையில் நின்றே மடையும் (தண்ணீர் திறந்துவிடும் வழி) கலுங்கும் (மிஞ்சிய நீர் வழியும் இடம்) வரத்துக்காலும் (கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால்) பார்த்துவிடலாம்; கால் நனைக்க வேண்டிய பாடம் எதுவும் இல்லை. 'நீச்சல் தெரியும் சார்' என்பவனை முதலில் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். போகும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுங்கள்.

பெற்றோரே, அன்றைக்கு ஒரு நாள் படிப்பு போச்சு என்று தலைமையாசிரியரிடம் போய் நிற்காதீர்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்புங்கள், போதும்.

அப்புறம், ஜூனில் நட்ட குச்சியைப் பிடுங்கிவிட வேண்டாம். செப்டம்பர் நடுவில் அதே 12:20 வாக்கில் பிள்ளைகளை மறுபடி அங்கே கூட்டிப்போங்கள்.