கே அனுப்பினால் சி போகிறது

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். பொழுதுபோக்காக வானொலியில் செய்தி பரிமாறும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் கைக்கு வந்துவிட்டது, ஆங்கில எழுத்துகளை டிட் என்ற குட்டை ஒலியாலும் டா என்ற நீள ஒலியாலும் சொல்லும் மோர்ஸ் காதுக்குப் பழகிவிட்டது, அதை விரலால் அனுப்பும் பேடில் என்ற கருவியும் வாங்கியாகிவிட்டது. நிஜமாக வானொலியில் அனுப்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து தினமும் அனுப்பிப் பழகுகிறாராம். ஒரே ஒரு தொல்லை. "கே அனுப்பினால் சி போகிறது அண்ணா. ஏ போட்டால் ஆர் வருகிறது. கடைசியில் ஒரு டிட் தானாக ஒட்டிக்கொள்கிறது. பேடில் கெட்டுப்போச்சா?"

பேடில் கெடவில்லை. விரலும் தப்பு செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவில் கீயர் என்று ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. அது செய்கிற வேலை இது. எனக்கு மிகவும் பிடித்த சுற்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மோர்ஸின் கதை பலருக்கும் தெரியும். 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே முதல் செய்தி போனது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. கப்பல்களும் 1999-இல் மோர்ஸை விட்டுவிட்டன. ஹாம்கள் மட்டும் விடவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. பேச்சை அனுப்ப ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸே தாராளம். இருக்கிற சக்தி முழுவதும் அந்தச் சின்னச் சந்துக்குள் போவதால், குரல் இரைச்சலில் மூழ்கும் இடத்தில்கூட மோர்ஸ் காதில் விழும்.

இதில் எல்லாமே கால அளவுதான். டிட் 1 அளவு, டா 3 அளவு. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு நடுவே 1 அளவு மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 3, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே 7. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று பள்ளியிலேயே படித்தோம். குறில் 1, நெடில் 2, அளபெடை 3. டிட் நம் குறில், டா நம் அளபெடை என்று வைத்துக்கொண்டால் போதும், கணக்கு மனதில் நின்றுவிடும். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் 100 மில்லிவிநாடி. அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த வேகத்துக்குத்தான்.

பழைய தந்தி அலுவலகத்தில் இருந்தது மேலும் கீழும் அழுத்துகிற கட்டை. அதில் டிட் எவ்வளவு நேரம், டா எவ்வளவு நேரம் என்று கைதான் அளக்க வேண்டும். நாள் முழுக்க அழுத்தி அழுத்தித் தந்திக்காரர்களுக்கு மணிக்கட்டு போய்விடும். அந்த வலியிலிருந்துதான் 1904-இல் அமெரிக்காவின் ஹோரஸ் மார்ட்டின் காப்புரிமை பெற்ற வைப்ரோபிளெக்ஸ் வந்தது. அதில் ஒரு எஃகுப் பட்டை அதிர்ந்து டிட்களைத் தானாகப் போடும். டாவை மட்டும் கை போட வேண்டும். பிற்பாடு எலக்ட்ரானிக் கீயர் வந்து இரண்டையும் தானே போட ஆரம்பித்தது. அதற்கான கைப்பிடிதான் பேடில்.

பேடிலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நிமிர்ந்து நிற்கும் இரண்டு தகடுகள். வலக்கைக்காரர்களுக்குக் கட்டைவிரல் பக்கம் டிட், ஆள்காட்டி விரல் பக்கம் டா. ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். என்னுடையதை நானே செய்தேன். தகடு இரண்டும் ஆக்சா பிளேடை ஒடித்துத் தேய்த்தது. அடிக்கட்டை, நாச்சியார்கோயிலில் விளக்கு வார்க்கும் பட்டறையில் மிஞ்சிய பித்தளைத் துண்டு, ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். கனம் இல்லாவிட்டால் பக்கவாட்டில் தட்டும்போது பேடில் மேசைமேல் நகர்ந்துகொண்டே போகும். தொடுமுனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தாளின் தடிமன். தாளைச் செருகி, திருகை முடுக்கி, தாள் லேசாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால் சரி.

இனி கீயருக்குள் போவோம்.

டிட் தகட்டை ஒரு கணம் தொட்டாலும் சரி, கீயர் முழு டிட்டையும் போடும், அதன் பின்னால் 1 அளவு மௌனத்தையும் போடும். நடுவில் நீங்கள் விரலை எடுத்தாலும் அது நிறுத்தாது. பிடித்துக்கொண்டே இருந்தால் டிட் டிட் டிட் என்று வந்துகொண்டே இருக்கும். டாவுக்கும் இதே கதை. இரண்டு தகடுகளையும் சேர்த்துக் கிள்ளினால்? அங்கேதான் அழகு. கீயர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும்: டா டிட் டா டிட் டா டிட். முதலில் எந்த விரல் தொட்டதோ அதிலிருந்து தொடங்கும். இந்த ஓட்டத்துக்கு ஐயாம்பிக் என்று பெயர். கிரேக்க யாப்பில் குறிலும் நெடிலும் ஜோடியாக வரும் சீரின் பெயர் அது.

சி எழுத்து டா டிட் டா டிட். பழைய கட்டையில் இதற்கு நான்கு அழுத்தல். பேடிலில் ஒரே கிள்ளல். முற்றுப்புள்ளியில் ஆறு ஒலி, டிட் டா டிட் டா டிட் டா. அதுவும் ஒரே கிள்ளல்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும். கீயர் ஒரு டாவைப் போட்டுக்கொண்டிருக்கிறது, 300 மில்லிவிநாடி அதற்கு வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் டிட் தகட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு விரலை எடுத்துவிட்டீர்கள். டா முடியும்போது டிட் தகட்டில் விரலே இல்லை. ஆனாலும் டிட் வரும். வேலையாக இருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள் என்று கீயர் நினைவு வைத்திருக்கிறது. அந்த நினைவு ஒரே ஒரு பிட். தட்டினால் 1, அந்த டிட்டைப் போட்டு முடித்ததும் 0. இந்த ஒரு பிட் இருப்பதால்தான் விரலுக்கு அவகாசம் கிடைக்கிறது. ஒய் எழுத்தைப் பாருங்கள், டா டிட் டா டா. டாவைப் பிடித்துக்கொண்டு, முதல் டா ஒலிக்கும்போது எங்கேயாவது டிட்டை ஒரு தட்டு. எப்போது தட்டினோம் என்பது முக்கியமே இல்லை, அது தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல், எஃப், க்யூ எல்லாம் இப்படித்தான். மனிதக் கை துல்லியம் இல்லாதது என்று தெரிந்து, அதற்கு இடம் விட்டுச் செய்த பொறி இது.

சரி, தங்கையின் கேள்விக்கு வருவோம். கிள்ளிய விரல்களை எடுத்தவுடன் கீயர் என்ன செய்ய வேண்டும்? இதற்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. மோடு ஏ என்பதில், அப்போது ஒலித்துக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு நின்றுவிடும். மோடு பி என்பதில், அதை முடித்துவிட்டு எதிர்ப்பக்க ஒலி ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் நிற்கும்.

கே எழுத்து டா டிட் டா. டா முதலில் வரும்படி கிள்ளுகிறீர்கள். முதல் டாவுக்கும் அதன் மௌனத்துக்கும் 4 அளவு, டிட்டுக்கும் அதன் மௌனத்துக்கும் 2. ஆக 0.6-ஆவது விநாடியில் இரண்டாவது டா தொடங்குகிறது. அது ஒலித்து, மௌனமும் முடிய 1 விநாடி ஆகும். இந்த 0.6-க்கும் 1-க்கும் நடுவில் விரலை எடுத்தால் மோடு ஏ-யில் போவது கே. அதே கணத்தில், அதே விரலை, அதே மாதிரி எடுத்தால் மோடு பி-யில் போவது சி. மோடு பி-யில் கே வேண்டுமென்றால் நடுவில் வரும் டிட்டின்போதே விட்டுவிட வேண்டும், கடைசி டாவைக் கீயர் பார்த்துக்கொள்ளும். அதற்குக் கிடைப்பது வெறும் 0.2 விநாடி. தங்கையின் கை மோடு ஏ-க்குப் பழகிய கை, அவருடைய ரிக், அதாவது ரேடியோப் பெட்டி, மோடு பி-யில் இருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. டிட் முதலில் வரும்படி கிள்ளி, டா ஒலிக்கும்போது விடுங்கள். ஏ கேட்டால் மோடு ஏ. ஆர் கேட்டால் மோடு பி. ரிக்கின் மெனுவில் கீயர் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம்.

எது நல்லது என்று ஹாம்களுக்குள் தீராத வாதம் உண்டு. மோடு பி-யில் விரல் சீக்கிரம் ஓய்ந்துவிடும், வேகமாக அனுப்புகிறவர்களுக்கு அது பெரிய சுகம். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் மோடு ஏ-யைத்தான் சொல்வேன். விரலை விடும்போது காதில் எது ஒலிக்கிறதோ அதோடு எழுத்து முடிகிறது. காதும் விரலும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கற்றுக்கொள்கின்றன.

பழகுவதற்கு ஒரு சொல் தருகிறேன். நம் வணக்கம்தான். ஆங்கில எழுத்தில் வி, ஏ, என், ஏ, கே, கே, ஏ, எம். எட்டு எழுத்தில் நடுவில் இருக்கும் ஆறும் டிட்டும் டாவும் மாறி மாறி வருபவை, அதாவது கிள்ளி அனுப்ப வேண்டியவை. இதைவிட நல்ல பயிற்சிச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. மோடு ஏ-க்குப் பழகிய கையால் மோடு பி-யில் இதை அனுப்பினால் வி, ஆர், கே, ஆர், சி, சி, ஆர், எம் என்று போய்ச் சேரும். ஒழுங்காக அனுப்பினால் மொத்தம் 75 அளவு, ஏழரை விநாடி. கடிகாரம் வைத்துப் பாருங்கள். கீயர் 12-இல் இருந்தும் உங்களுக்கு ஆறு விநாடியில் முடிந்துவிட்டால், எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் மௌனத்தைத் தின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அந்த மௌனம்தான் உண்மையான பாடம். டிட்டையும் டாவையும் கீயர் அச்சில் வார்த்த மாதிரி போட்டுவிடும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விட வேண்டிய 3 அளவு மௌனத்தைப் பெரும்பாலும் கைதான் விட வேண்டும். ஏ-யும் என்-னும் ஒட்டிக்கொண்டால் டிட் டா டா டிட், அது பி (P). என்-னும் ஏ-யும் ஒட்டிக்கொண்டால் டா டிட் டிட் டா, அது எக்ஸ். வேண்டாத புணர்ச்சி! இதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. மிருதங்கம் படிக்கிற பிள்ளைகள் தோலில் கை வைக்கும் முன் சொல்லை வாயால் சொல்லிப் பழகுகிறார்கள். அப்படியே நீங்களும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லுங்கள், அப்புறம் பேடிலைத் தொடுங்கள். பிறகு செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேட்டுப் பாருங்கள். அனுப்பும்போது காதுக்குத் தெரியாத ஒட்டல்கள் மறுநாள் பளிச்சென்று தெரியும்.

இதற்கெல்லாம் அலை எதுவும் வெளியே போக வேண்டியதில்லை. பேடில் தட்டியதும் டிரான்ஸ்மிட்டரை இயக்குவது ரிக்கில் இருக்கும் பிரேக் இன்; அதை அணைத்துவிட்டால் பேடில் தட்டும்போது சைடுடோன், அதாவது நம் காதுக்காக ரிக் போடும் ஒலி, மட்டும் கேட்கும், டிரான்ஸ்மிட்டர் சும்மா இருக்கும். ரிக்கே இல்லாவிட்டால் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் பஸ்ஸரும் போதும், கீயரையும் நீங்களே எழுதிவிடலாம். மேலே சொன்ன அந்த ஒரு பிட் நினைவை நிரலாக எழுதிப் பார்ப்பது கல்லூரிப் பிள்ளைகளுக்கு அருமையான பயிற்சி.

அலை வெளியே போகாது என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் பஸ்ஸரில் பழகிக்கொண்டிருந்த நாளிலேயே, தென்னையில் ஆன்டெனாக் கம்பி கட்டினால் குரும்பை கொட்டும் என்று பக்கத்து வீட்டில் வருத்தப்பட்டார்கள். அந்தக் கம்பி அப்போது எதனோடும் இணைந்திருக்கவில்லை. போரான் குறைந்தாலும், தண்ணீர் போதாவிட்டாலும், மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலும் குரும்பை கொட்டும். காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டிய விஷயத்தைக் கம்பியின் மேல் ஏற்றிவிட்டால், பாதிப்பு மரத்துக்குத்தான்.

இந்தப் பழக்கம் எதற்கு என்று கேட்டால் கஜாவைச் சொல்வேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. செல்போனும் அடங்கிவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் ஒரு கார் பேட்டரி, ஐந்து வாட் ரிக், ஒரு நீளக் கம்பி, பழகிய விரல் இரண்டு இருந்தால் செய்தி வெளியே போகும். புயல் வந்த பிறகு பழக முடியாது. கடலோர வட்டங்களில் இருக்கும் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் ஒரு ஹாம் நிலையம் வைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். ஆய்வகத்தில் உறை பிரிக்காமல் கிடக்கும் ஒரு கருவியின் விலையில் இது முடிந்துவிடும்.

தங்கைக்குக் கடைசியாக ஒன்று. வணக்கத்தை ஏழரை விநாடியில், பத்துக்குப் பத்துத் தடவை சுத்தமாக அனுப்ப முடிந்தால் பிரேக் இன் பொத்தானைப் போடலாம். இரவில் 7 மெகாஹெர்ட்ஸின் கீழ்முனைக்குப் போய் முதலில் நன்றாகக் கேளுங்கள். யாரும் இல்லை என்று தெரிந்தால் க்யூ ஆர் எல், ஒரு கேள்விக்குறி. இந்த இடத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும் குறி அது. பதில் இல்லையென்றால் சி க்யூ (யாராவது பதில் சொல்லுங்கள்), டி ஈ (அழைப்பது), உங்கள் அழைப்புக்குறி, முடிவில் கே. "நீங்கள் பேசலாம்" என்று சொல்வது அந்தக் கேதான். அது சியாகப் போனால் எதிர்முனைக்காரர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார்.

பதில் வேகமாக வந்தால் பதற வேண்டாம். க்யூ ஆர் எஸ் என்று அனுப்புங்கள், மெதுவாக அனுப்பச் சொல்லும் குறி அது. நடுவில் இருக்கும் ஆர் மட்டும் கிள்ளுகிற எழுத்து. மோடு ஏ-யில் இருப்பதால், கடைசி டிட் காதில் விழும்வரை விரலை விடாதீர்கள்.