மந்திரவாதியின் வரவு செலவு

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடி நிலையத்தில் புரோட்டாவுக்குக் காத்திருந்தபோது, அக்கா மகன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"மாமா, இந்த கேம் ஏமாத்துது. தொண்ணூத்தஞ்சு பர்சன்ட்னு போட்டிருக்கான். ரெண்டு தடவை மந்திரம் விட்டேன், ரெண்டும் தப்பிடுச்சு."

கணக்குப்படி இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 5 விழுக்காடு தப்பக்கூடிய மந்திரம் அடுத்தடுத்து இருமுறை தப்ப, 400இல் ஒரு வாய்ப்பு. பள்ளி விடுமுறையில் அவன் விடுகிற மந்திரங்களின் எண்ணிக்கைக்கு அது பலமுறை நடந்தே தீரும். வேடிக்கை என்னவென்றால், சில விளையாட்டுகள் நிஜமாகவே பகடையில் கை வைக்கின்றன, அதுவும் ஆடுபவரின் மனம் கோணாமல் இருப்பதற்காக. அந்தக் கதைக்கு முன்னால், மந்திரத்துக்கு விலை வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

விலையில்லாத மந்திரத்தை வைத்து விளையாட்டு அமைக்க முடியாது. எந்தப் பூதத்தையும் நினைத்த நொடியில் எரிக்கலாம் என்றால் ஆடுபவருக்கு முடிவெடுக்க ஒன்றுமே இருக்காது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட, மேசையில் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு, எழுத்தாளர் ஜாக் வான்ஸிடமிருந்து ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. மந்திரவாதி முன்கூட்டியே மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். நமக்கு இது புதிதா என்ன? வேண்டிய நேரத்தில் பிரம்மாஸ்திர மந்திரம் மறந்துபோகும் என்று பரசுராமரிடம் சாபம் வாங்கியவன் கர்ணன். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தையும் ஒரே ஒரு தடவைதான் எய்ய முடியும். அர்ச்சுனனுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததைக் கடோத்கசன்மேல் செலவழித்துவிட்டான். சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்தைய வாரங்களில் மகாபாரதக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விதியை விளக்கத் தேவையே இல்லை.

மந்திரத்துக்கு விலை வைக்கும் இன்னொரு வழி 'மானா'. இது பசிபிக் தீவு மொழிகளின் சொல். மெலனீசியர்களைப் பற்றி மதபோதகர் ராபர்ட் காட்ரிங்டன் 1891இல் எழுதிய நூல் வழியாக மேற்கே பரவியது. அங்கே அது ஆளிடமும் பொருளிடமும் குடியிருக்கும் ஆற்றல். 1969இல் லாரி நிவன் ஒரு சிறுகதையில் அதை எண்ணெய்க் கிணறு மாதிரி எடுக்க எடுக்க வற்றும் பொருளாக்கினார். பிறகு கணினி விளையாட்டுகளில், மந்திரவாதியிடம் இன்னும் எவ்வளவு ஆற்றல் மீதி என்று காட்டும் நீல நிறப் பட்டையாக அது திரையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் கதைகளில் தவவலிமை அப்படித்தான் வேலை செய்கிறது. ரம்பையைச் சபித்த ஒரு கோபத்தில் விசுவாமித்திரர் சேர்த்துவைத்த தவமெல்லாம் போய்விடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மானாவை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் 120 அலகு, ஒரு மந்திரத்துக்கு 40, குழாயில் நொடிக்கு 2 அலகு வரத்து. எடுத்த எடுப்பில் மூன்று மந்திரம் விடலாம். அதன்பின் 20 நொடிக்கு ஒன்றுதான். குறுகிய சண்டையில் தொட்டி பெரிதாக இருப்பவன் வெல்வான், நீண்ட சண்டையில் குழாய் வேகமாக இருப்பவன். இந்த இரண்டு எண்களை மாற்றியே ஒரே மந்திரவாதியை அவசரக்காரனாகவும் பொறுமைசாலியாகவும் வடித்துவிடலாம். சில மந்திரங்களுக்குத் தனியாகக் காத்திருப்பு நேரமும் உண்டு. சாலை கடக்கும் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் பச்சை மனிதன் தன் நேரத்துக்குத்தான் வருவான், அந்த மாதிரி.

விலை கொடுத்தாயிற்று; பலன் எவ்வளவு? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் நெருப்புக் கோள மந்திரத்துக்கு ஆறுமுகப் பகடை எட்டு உருட்டுவார்கள். மிகக் குறைவு 8, மிக அதிகம் 48, சராசரி 28. 8 முதல் 48 வரை எண் போட்ட ஒரே பெரிய பகடையை உருட்டினால் என்ன? எல்லா எண்ணும் ஒரே அளவு வரும், அதுதான் தொல்லை. எட்டுப் பகடையில் கூட்டுத்தொகை நடுவில் குவிகிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று முறை 23க்கும் 33க்கும் இடையில் விழும். முழு 48 விழ சுமார் 16.8 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. நெருப்பு நெருப்பாக இருக்கும் என்று நம்பி ஒரு திட்டம் போடலாம். ஆனாலும் உருட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். எட்டு என்ற எண்ணைத் தேர்ந்தவருக்கு ஒரு கோப்பி வாங்கித் தரலாம்.

இனி பகடையில் கை வைப்பவர்கள். அடி படுமா தப்புமா என்று முடிவுசெய்ய, கணினி நூறுக்குள் ஒரு எண்ணைத் தற்செயலாக எடுக்கும்; அது திரையிலுள்ள விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அடி படும். ஃபயர் எம்பிளம் என்ற போர் விளையாட்டு வரிசையில் 2002இல் வந்த விளையாட்டு ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்த்தது. திரையில் 90 விழுக்காடு என்றிருந்தால் உண்மையில் சுமார் 98. திரையில் 10 என்றால் சுமார் 2. 90ஐப் பார்த்ததும் "நிச்சயம்" என்று நாம் எடுத்துக்கொள்கிறோம் இல்லையா, அந்த எண்ணத்துக்கு ஏற்ப எண்ணை வளைத்துவிட்டார்கள்.

டோட்டா 2 என்ற இணையக் குழு விளையாட்டு செய்வது இன்னும் நுட்பம். (2022 அக்டோபரில் இதன் உலகப் போட்டி சிங்கப்பூரில்தான் நடந்தது.) 25 விழுக்காடு என்று எழுதியிருக்கும் திறனுக்கு முதல் அடியில் உண்மை வாய்ப்பு சுமார் 8.5 தான். தப்பினால் அடுத்த அடிக்கு 17, பிறகு 25.5 என்று ஏறிக்கொண்டே போகும். பலித்ததும் மறுபடி 8.5. நீண்ட கணக்கில் சராசரி சரியாக 25க்கு வந்துவிடும். சாதாரணப் பகடையில் 12 முறை தொடர்ந்து தப்புவதற்கு 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு. இங்கே பன்னிரண்டாவது அடி கட்டாயம் பலிக்கும். அடுத்தடுத்துப் பலிக்கும் குருட்டு அதிர்ஷ்டமும் குறையும். உண்மையான தற்செயல் கொத்துக்கொத்தாக வரும். பார்ப்பவருக்கு அது வஞ்சகம் மாதிரி படும். அதனால் தற்செயலைக் கொஞ்சம் கெடுத்துத்தான் தற்செயல்போலக் காட்ட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். புரோட்டா ஆறிக்கொண்டிருந்தது. அவன் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சின்ன பூதத்த அடிச்சு ஏழு தடவை தப்பவிட்டுட்டு, எட்டாவது அடிய பெரிய பூதத்து மேல போட்டா?"

எட்டு தடவை 8.5. அறுபத்தெட்டு விழுக்காடு. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இதைச் செய்வதுண்டு என்று நான் சொல்வதற்குள் கைப்பேசியை மறுபடி நிமிர்த்திவிட்டான்.