தற்காப்பு: ‘தனியார் பாதுகாப்பு’ அல்ல, ‘தற்காப்புக் கொலை’யும் அல்ல

எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கம் சட்ட விழிப்புணர்வு என்று சொல்லிக் கொடுக்கப்படும் தமிழ்த் துண்டறிக்கைகளில் ஒரு தொடர் விடாமல் வருகிறது: ‘தனியார் பாதுகாப்பு உரிமை’. தன் உயிரையோ கூட இருப்பவர் உயிரையோ காக்கத் திருப்பித் தாக்கி, தாக்க வந்தவர் இறந்துபோய், கொலை வழக்கில் நிற்கிறவர் நீதிமன்றத்தில் சொல்லக்கூடிய நியாயத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ இதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஏ.டி.எம். வாசலில் சீருடையோடு நிற்கும் காவலாளி தோன்றுவார். உயிருக்குப் பயந்து கையில் கிடைத்ததை வீசிய மனிதர் தோன்றமாட்டார். ஒரு முறை என்றால் அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். மேடைப் பேச்சிலும் கைப்பேசிக் காணொளியிலும் இதே தொடர் வரத் தொடங்கிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சொல் தற்காப்பு. தன் + காப்பு. பொன் + குடம் பொற்குடம் ஆவதுபோல னகரம் றகரமானது, அவ்வளவுதான். ‘கா’ என்ற வேர் தமிழில் மிகப் பழையது. காவல், காப்பு, காவலன், ‘காப்புச் செய்யுள்’, கையில் போடும் காப்பு, பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் ஊர்களில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து வீட்டு இறவானத்தில் கட்டும் காப்பு எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. தீங்கு வராமல் தடுத்து நிற்பது என்ற பொருள் இவை எல்லாவற்றிலும் உண்டு. ‘தற்காத்துத் தற்கொண்டாற் பேணி’ என்று 56-ஆம் குறளிலேயே வினையாக வந்துவிட்ட சொல் இது. புதிதாகக் காய்ச்சி வடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சட்டத்தில் இதன் இடம் 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 34 முதல் 44 வரை. 34-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்: இந்த உரிமையைப் பயன்படுத்திச் செய்யும் எதுவும் குற்றம் ஆகாது. ஆங்கில மூலத்தில் இதற்கு இட்ட பெயர் ‘செல்ஃப் டிஃபென்ஸ்’ அல்ல, ‘பிரைவேட் டிஃபென்ஸ்’. எல்லாக் குழப்பமும் அந்த ‘பிரைவேட்’டில்தான் தொடங்குகிறது.

‘தனியார்’ கட்சிக்காரர்கள் சொல்லும் காரணத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த உரிமை தன் உடலுக்கு மட்டும் உரியதல்ல. 35-ஆம் பிரிவு பிறர் உடலையும், திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காப்பதற்கும் உரிமை தருகிறது. அப்படியிருக்க ‘தன் காப்பு’ என்றால் பாதியை வெட்டியதாகாதா? மூலத்தில் ‘பிரைவேட்’ என்று வேண்டுமென்றே போட்டதே இதற்காகத்தானே? இதுதான் அவர்கள் வாதம். கேட்கும்போது வலுவாகத்தான் இருக்கிறது.

ஆனால் தமிழில் ‘தன்’ எப்படிக் கூட்டுச் சேர்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. தற்கொலையில் ‘தன்’ கொல்லப்படுவது. தற்பெருமையில் பெருமை யாரைப் பற்றியது என்று காட்டுவது. தற்குறிப்பேற்றத்தில் ஏற்றப்படும் குறிப்பு யாருடையது என்பதற்கு வருகிறது. பள்ளியில் எல்லோரும் படித்த அணிதான். தற்செயலில் வேறொருவர் தூண்டாமல் தானாக நிகழ்வது. ஆக, ‘தன்’ எப்போதும் ‘தன்னை’ என்று மட்டும் விரியாது. ‘தானே’ என்றும் விரியும். தற்காப்பைத் ‘தன்னைக் காத்தல்’ என்றும் பிரிக்கலாம், ‘தானே நின்று காத்தல்’ என்றும் பிரிக்கலாம். இரண்டாவது பொருள்தான் சட்டம் கேட்பது. ‘பிரைவேட்’ என்ற சொல் அங்கே அரசுக்கு எதிர்நிலையாக நிற்கிறது. உயிரைக் காப்பது அரசின் வேலை, போலீஸின் வேலை. அவர்கள் வந்து சேரும் முன்பே கத்தி இறங்கிவிடும் என்ற நிலையில் அந்த வேலையைக் குடிமகன் தானே செய்துகொள்ளலாம் என்பதே இந்த உரிமையின் அடிப்படை. அதனால்தான் 37-ஆம் பிரிவு, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை என்கிறது.

அந்தக் குறளையே மறுபடி பாருங்கள். தன்னைக் காத்து, அதோடு நிற்காமல் தன்னைக் கொண்டவனைப் பேணி, இருவர் புகழையும் காத்து என்று அடுத்தடுத்துப் போகிறது. தமிழில் தற்காத்தல் என்பது பிறரைக் காப்பதற்குக் கதவை மூடிய சொல்லாக ஒரு நாளும் இருந்ததில்லை.

‘தனியார்’ என்ற சொல் இன்று எங்கே போய் நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தனியார் பேருந்து, தனியார் பள்ளி, தனியார் மருத்துவமனை, தனியார்மயம். லாப நோக்கில் நடத்தப்படும் ஒன்று என்ற பொருள்தான் சாதாரண வாசகனுக்கு அதில் எட்டுகிறது. ‘பாதுகாப்பு’ம் இங்கே பொருந்தவில்லை. பாதுகாப்பு ஒரு நிலை. பாதுகாப்பாக இருக்கிறோம் என்கிறோம். தற்காப்பு ஒரு செயல். ஓங்கிய கையைத் தடுப்பது. தாக்குதல் என்று ஒன்று எதிரே இல்லாமல் தற்காப்பு என்று சொல்லவே முடியாது. பாதுகாப்போ பூட்டிய வீட்டுக்குள் தூங்குகிறவனுக்கும் உண்டு. இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டை மாற்றி வைத்துவிட்டு அதைத் துல்லியம் என்று சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

‘சுய தற்காப்பு’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கராத்தே வகுப்புப் பலகைகளிலிருந்து செய்தித்தாள் வரை இது பரவிவிட்டது. ‘தன்’ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மேலே ‘சுய’ எதற்கு? இங்கே மலையாளம் படித்து வளர்ந்தவர்கள் ‘ஆத்மரட்சைக்காக’ என்கிறார்கள். மலையாளத்தில் ‘ஆத்மரக்ஷார்த்தம்’ என்பது நல்ல, நிலைத்த சொல். அவர்கள் காதுக்கு அதில் குறையே இல்லை. தமிழ்க் காதில் ஆத்மா என்றால் உடம்பை விட்டுப் போவது, ரட்சிப்பு என்றால் தேவாலயத்தில் கேட்பது. உடம்பைக் காக்கும் சட்டத்துக்கு ஆத்மாவைக் கொண்டுவந்தால் படிக்கிறவர் திகைப்பார். மலேசியத் தமிழ் ஏடுகளில் இன்னொரு வழக்கு உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்வதையே அங்கே ‘தற்காப்பு வாதம்’ என்கிறார்கள், ராணுவத்துக்கான அமைச்சகமும் அங்கே ‘தற்காப்பு அமைச்சு’. அவர்கள் நாட்டில் அது ஊன்றிவிட்டது, சரி. இங்கே அதை எடுத்தாண்டால், திருட்டு வழக்கில் ‘நான் அந்த இடத்திலேயே இல்லை’ என்பதும் தற்காப்பு, கொலை வழக்கில் ‘உயிருக்குப் பயந்து அடித்தேன்’ என்பதும் தற்காப்பு என்றாகிவிடும். முன்னதற்கு எதிர்வாதம் என்ற சொல் போதும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் வருத்தம் தருவது ‘தற்காப்புக் கொலை’. ‘தற்காப்புக்காகக் கொலை செய்ததாக வாக்குமூலம்’ என்று தலைப்பு போடுகிறார்கள். கொலை என்பது குற்றத்தின் பெயர். தற்காப்பு என்பது அந்தச் செயல் குற்றமே இல்லை என்று காட்டும் காரணம். ஒன்று இருந்தால் மற்றது இல்லை. இரண்டையும் ஒட்டவைத்தால், தற்காப்பு என்பது கொலையில் ஒரு வகை, கொஞ்சம் இளகிய கொலை என்ற எண்ணம் வாசகன் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. சட்டமே இந்த இடத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறது பாருங்கள். 38-ஆம் பிரிவு ‘மரணம் விளைவிக்கும் அளவுக்கு’ இந்த உரிமை எப்போது நீளும் என்று ஏழு நிலைகளைச் சொல்கிறது: உயிர் போகும் என்ற அச்சம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, இயற்கைக்கு மாறான காம நோக்கிலான தாக்குதல், கடத்தல், அதிகாரிகளை நாட முடியாதபடி அடைத்துவைத்தல், 2013-இல் சேர்க்கப்பட்ட அமில வீச்சு. அந்தப் பட்டியலில் மரணம் என்ற சொல்தான் வருகிறது, கொலை என்ற சொல் வரவில்லை.

கொலை என்ற சொல்லுக்கு அருகில் தற்காப்பு வருகிற ஒரே இடம், நியாய சன்ஹிதாவில் கொலையை வரையறுக்கும் 101-ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு. உரிமை உண்மையிலேயே இருந்தது, நல்லெண்ணத்தோடுதான் பயன்படுத்தினார், முன்கூட்டித் திட்டமிடவில்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லை, ஆனால் எல்லை தாண்டிவிட்டது. அப்போதும் அது கொலை அல்ல. கொலைக்குக் கீழ்ப்பட்ட மரணக் குற்றம். ஒரு வாய்க்கால் தகராறை எடுத்துக்கொள்வோம். மடையைத் திருப்பியதற்காக வெளியாள் ஒருவன் வெட்டுக்கத்தியோடு தம்பியின் மேல் பாய்கிறான். அண்ணன் மண்வெட்டியால் ஓர் அடி அடிக்கிறான், அவன் செத்துவிடுகிறான். அங்கே குற்றமே இல்லாமல் போகலாம். அடி வாங்கிக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் தென்னந்தோப்பு வரை துரத்திப்போய் அடித்துச் சாகடித்தால் தற்காப்பு அங்கே முடிந்துவிட்டது. அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதைத்தான் ‘எல்லை மீறிய தற்காப்பு’ என்று சொல்ல வேண்டும். தெளிவான, யாருக்கும் புரிகிற தொடர். அதை விட்டுவிட்டு மூன்றுக்கும் சேர்த்து ‘தற்காப்புக் கொலை’ என்று ஒரே முத்திரையைக் குத்துகிறார்கள்.

அந்த நடுப்பகுதியில் நீதிமன்றங்கள் ரொம்பவே நிதானம் காட்டியிருக்கின்றன. உயிர் போகிற பதற்றத்தில் இருப்பவன் இத்தனை அடி போதும் என்று அளந்து அடிக்க முடியாது, அதைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொன்னது. 2010-இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் இந்த உரிமை பற்றிய பத்துக் கோட்பாடுகளை அது தொகுத்தே தந்தது. அதற்கு முன் 1968-இல் முன்ஷி ராம் வழக்கில், தற்காப்பு என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சாட்சியங்களிலிருந்தே அது தெரிந்தால் நீதிமன்றம் அதை ஏற்கலாம் என்றது. நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையதுதான் என்றாலும், அரசுத் தரப்பைப்போல் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை, இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இவ்வளவு நுட்பமாகப் பேசும் சட்டத்தைத் தமிழில் சொல்ல வருகிறவர்கள் ஒரு சொல்லையாவது சரியாகப் பிடிக்க வேண்டாமா?

எல்லைப் பகுதியில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதும் வழக்கம் உண்டு. ‘எதிரி தற்காப்புக்காகத் தாக்கினார்’ என்று படித்தால், தாக்க வந்த பகைவன் யார், தடுத்தவர் யார் என்று பொதுவாசகருக்கு விளங்காது. இந்தப் பக்கம் மலையாளத்தில் அவரே ‘பிரதி’. தமிழில் பிரதி என்றால் நகல். அடிபட்டவனே வழக்கில் மாட்டிக்கொண்டால் ‘வாதி பிரதியாயி’ என்பார்கள் மலையாளிகள். தற்காப்பு வழக்குகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான்: முதலில் தாக்கப்பட்டவர் கூண்டில் நிற்பார். அவர் தமிழர், நீதிமன்றத்தில் புழங்குவது மலையாளமும் ஆங்கிலமும். அவருக்குப் புரியும் மொழியில் சாட்சியத்தைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அவர் சொல்வதும் அப்படியே பெயர்க்கப்பட வேண்டும். எங்கள் ஜனங்கள் தற்காப்பு என்ற சொல்லையே சொல்வதில்லை. ‘தடுக்கப் போயி பட்டுருச்சுங்க’, ‘உசுரக் காப்பாத்திக்க வேற வழி தெரியலீங்க’ என்றுதான் சொல்வார்கள். அதில் தற்காப்பின் இலக்கணம் முழுக்க இருக்கிறது. ‘பட்டுருச்சு’ என்றதை ‘வெட்டினேன்’ என்றும் ‘செத்துட்டான்’ என்றதை ‘கொன்றேன்’ என்றும் ஒருவர் பெயர்த்துவிட்டால், சொன்னவருக்குத் தெரியாமலேயே அவர் நியாயம் பாதி போய்விடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிய புலமையை அல்ல. அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே இருப்பதை எடுத்து அடுக்காமல், பிரிவை ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள் என்பதுதான். ‘பிரைவேட்’டைக் கண்டதும் ‘தனியார்’ என்று எழுதும் கை, 37-ஆம் பிரிவைப் படித்திருந்தால் நின்றிருக்கும். கேரளத்தில் 1969-இன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. கேட்டுப் பெற்ற அந்த உரிமையில் வந்து சேரும் தமிழ், படித்தால் புரியாத தமிழாக இருந்தால் அதை யார் படிப்பார்கள்? மலையாள மூலத்தைத் தேடிப் பிடித்துப் படிப்பார்கள், இப்போது பலரும் செய்வதைப்போல.

எனவே உரிமையைச் சொல்லும்போது ‘தற்காப்பு உரிமை’ என்று எழுதலாம். ‘தற்காப்புரிமை’ என்று சேர்த்து எழுதுவதும் இலக்கணப்படி சரியே. ஆனால் ‘காப்புரிமை’ என்ற சொல்லைப் புத்தகத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் வைத்துவிட்டதால், பிரித்து எழுதுவதே கண்ணுக்கு நல்லது. சட்டம் படிக்கிறவர்களுக்காக முதல் முறை வரும் இடத்தில் ‘தன் உடல், பிறர் உடல், சொத்து ஆகியவற்றைத் தானே காத்துக்கொள்ளும் உரிமை’ என்று விரித்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. செய்தியில் ‘தற்காப்புக்காகக் கொலை’ என்பதற்குப் பதில் ‘தற்காப்புக்காகத் தாக்கியதில் மரணம் என வாதம்’ என்று போடலாம். தலைப்பில் மூன்று சொல் கூடும், அவ்வளவுதான். தீர்ப்பு வந்து நீதிமன்றம் அதை ஏற்கவில்லை என்றால் அன்றைக்குக் கொலை என்று எழுதிக்கொள்ளட்டும்.