நனையாத தாரா இறகு

திருகோணமலையில் இறகு கட்டிய தூண்டில் புதிய சங்கதி அல்ல. படகின் பின்னால் இறகுக் கொத்தை இழுத்துச் சூரையும் பாரையும் பிடிப்பார்கள். அங்கே இறகின் வேலை நீருக்குள் ஓடும் சிறுமீனாக நடிப்பது. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் இறகுக்கு நேர்மாறான வேலை. தாராவின் வாலடி இறகைச் சின்னஞ்சிறு தூண்டில் முள்ளில் சுற்றி, பூச்சி வந்து உட்கார்ந்ததுபோல ஆற்றின் மேல் மிதக்கவிட்டு, 1920களிலேயே அங்கே டிரவுட் என்ற ஆற்றுமீனைப் பிடித்தார்கள். உலோக முள்ளையும் சுமந்துகொண்டு அந்த இறகு எப்படி மிதக்கிறது?

எண்ணெயால் என்பதே பலரும் சொல்லும் பதில். தாராவின் முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தைத் தடவினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. தாரா அலகை அதில் தேய்த்து, மெழுகுத்தன்மையுள்ள அந்தச் சுரப்பை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. சுரப்பியைச் சுற்றி முளைத்த இறகுகளோ எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பவை. விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், சாயம் பிடிக்க வேண்டுமானால் எண்ணெயைக் கழுவியாக வேண்டும். அப்படிக் கழுவிச் சாயமேற்றிய இறகும் மிதக்கிறதே!

நீர் ஒட்டாத துணிகளை ஆராய்ந்த காஸி (Cassie), பாக்ஸ்டர் (Baxter) என்ற இருவர், தாரா இறகின் மீது நீர்த்துளி உருண்டையாக நிற்பதற்கு அதன் பூச்சைவிட அமைப்பே முக்கிய காரணம் என்று 1944ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள். கறிக்கு உரித்த தாராவின் வாலடி இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து இழைகள், ஒவ்வோர் இழையிலிருந்தும் நுண்ணிழைகள். சிறகில் உள்ள இறகுகளில் இந்த நுண்ணிழைகளுக்குக் கொக்கிகள் உண்டு. சட்டைப்பையின் ஜிப் போல ஒன்றையொன்று பற்றித் தகடாக நிற்கும். வாலடி இறகிலோ பற்றிக்கொள்ள வழியில்லாமல் அவை நாலாபக்கமும் பிரிந்து நிற்கின்றன. அந்த இடைவெளியெல்லாம் காற்று. நீர் உள்ளே புக வேண்டுமானால் அதன் மேற்பரப்பு மிகச் சிறிய இடுக்குகளுக்குள் வளைந்து நுழைய வேண்டும். நீரின் மேற்பரப்பைத் தோல்போல இறுக்கிப் பிடிக்கும் பரப்பிழுவிசை அதற்கு இடங்கொடுப்பதில்லை. துளி பெரும்பாலும் காற்றின் மீதே உட்கார்ந்திருக்கிறது, இழைநுனிகளைத் தொட்டும் தொடாமலும்.

எண்ணெய் வீண் என்று சொல்லவில்லை. இறகு காய்ந்து நொறுங்காமல் வளைந்துகொடுப்பது அதனால்தான். ஆனால் மிதப்பது காற்றின் தயவில் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். சவர்க்கார நீரில் போட்ட இறகு நனைந்து கீழே போகும், ஏனென்றால் சவர்க்காரம் பரப்பிழுவிசையைக் குறைத்துவிடுகிறது. அதே இறகை நன்னீரில் நன்றாக அலசி, முழுக்கக் காயவைத்துவிட்டு மறுபடி நீரில் போடுங்கள். மிதக்கும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நன்றாக மிதக்கட்டும் என்று இறகில் களிம்பு பூசுவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான். நுண்ணிழைகள் ஒட்டிக்கொண்டால் காற்று தங்க இடமேது? மீன் கடித்து வழும்பு பட்டாலும் இதே கதிதான். நீரில் அலசி, துணியில் ஒற்றி, நாலு உதறு உதறினால் போதும். கடல்நீரின் பரப்பிழுவிசை நன்னீருடையதைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆகவே உப்பு மிதப்பைக் கெடுக்காது. காய்ந்தபின் இறகில் தங்கும் உப்பு ஈரத்தை இழுப்பதுதான் தொல்லை. நன்னீரில் அலசாமல் பெட்டியில் வைத்தால் மறுநாள் பிசுபிசுப்பாகத்தான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், அலையடிக்கும் கொட்டியாரக் குடாவில் இந்த மிதக்கும் பூச்சிக்கு வேலை குறைவு. கந்தளாய்க் குளம் போன்ற அமைதியான நீர்தான் அதற்கு ஏற்றது. குடாவில் இந்த மென்மையை நீருக்குள் பயன்படுத்தலாம். ஓர் இழையின் விறைப்பு அதன் தடிப்பின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது: தடிப்பு பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தூண்டிலை இழுக்கும்போது மெல்லிய இழைகள் முள்ளோடு படிந்து ஒடுங்குகின்றன, விட்டதும் விரிகின்றன. தூண்டிலை வீசும்முன் இறகை நன்கு நனைத்துப் பிழிந்து காற்றை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலேயே நிற்கும். நெருக்கிக் கட்டினாலும் இழைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். ஆகவே இரண்டு மூன்று இறகுக்கு மேல் வேண்டாம்.