முதலில் குத்துமதிப்பு, அப்புறம் கால்குலேட்டர்

"சார், பையனுக்கு மேத்ஸ் நல்லா வரணும். எந்த டேப் வாங்கலாம்?"

மஞ்சக்குப்பத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றால்கூட இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கடலூரில் கணித விரிவுரையாளராக இருப்பதில் இது ஒரு தொல்லை. இன்னொரு தொல்லை, எனக்கே கருவிப் பித்து உண்டு என்பது. மேசை இழுப்பறையில் நான்கு கால்குலேட்டர் கிடக்கின்றன. அதில் ஒன்று வெளிச்சத்தில் வைத்தால்தான் ஓடும். அதனால் 'எதுவும் வாங்காதீங்க' என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கவலையெல்லாம், வாங்கியதைப் பிள்ளைகள் எந்த நேரத்தில் கையில் எடுக்கிறார்கள் என்பதுதான்.

முதலாண்டு மாணவர்களை ஒரு நாள் வெளியே கூட்டிப்போனேன். வளாகத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மேலே ஏறாமல் அதன் உயரத்தைச் சொல்ல வேண்டும். சாய்வை அளக்கும் செயலி போனிலேயே உண்டு. போனின் விளிம்பு வழியாகத் தொட்டியின் உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம் திரையில் வரும். தொட்டியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றார்கள். கோணம் 38 டிகிரி. பார்த்தவனின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர். பத்தாம் வகுப்புக் கணக்குதான்: டேன் 38-ஐ 20-ஆல் பெருக்கி 1.5-ஐக் கூட்டினால் முடிந்தது.

ஆறு குழுக்களில் நான்கு 17.1 மீட்டர் என்றன. இரண்டு குழுக்கள் 7.7 மீட்டர் என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தன. அவர்கள் போனில் கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல், கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியனில் இருந்திருக்கிறது. 38 டிகிரிக்கு டேன் 0.7813; 38 ரேடியனுக்கு 0.3103. போன்மேல் தப்பில்லை, கேட்டதற்குச் சரியாகத்தான் சொன்னது. இதே குளறுபடியில் சைன் 30 போட்டிருந்தால் அரை வர வேண்டிய இடத்தில் மைனஸ் 0.988 வந்து, என்னடா இது என்று யாரும் விழித்துக்கொண்டிருப்பார்கள். 7.7 அப்படி இல்லை. பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கிற தப்பு.

"தொட்டிக்குப் பக்கத்துல என்ன இருக்கு தம்பி?"

"நம்ம பிளாக் சார்."

"எத்தனை மாடி?"

தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. தொட்டி அதையும் தாண்டித் தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு தளத்துக்குப் பத்தடி என்று வைத்தாலும் 7.7 மீட்டர் இரண்டரைத் தளம்தான். கண் முன்னால் நிற்கும் தொட்டியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம். கருவியைத் தொடுவதற்கு முன், நோட்டின் ஓரத்தில் 'கு.ம.' என்று போட்டு ஓர் எண் எழுத வேண்டும். குத்துமதிப்பு. அது சரியா தப்பா என்பதற்கு மதிப்பெண் கிடையாது, எழுதியிருந்தாலே ஒரு மார்க். முதல் வாரம் நாலு பேருடைய குத்துமதிப்பு மூன்று தசம இடம் வரை மிகச் சரியாக இருந்தது! சிரித்துவிட்டு அந்த மார்க்கையும் போட்டேன். இரண்டு மாதம் போன பிறகுதான் உண்மையான குத்துமதிப்புகள் வர ஆரம்பித்தன.

கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாக விடை கொடுக்கும் செயலிகள் வந்தபோது சக ஆசிரியர்கள் தலையில் கை வைத்தார்கள். எனக்கும் எரிச்சல்தான். வீட்டுப்பாடத்தில் நான் நடத்தவே நடத்தாத முறையில் தொகையிட்டு (இன்டக்ரேஷன், வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பைக் காணும் கணக்கு) வந்தவர்கள் உண்டு. இப்போது முழு விடையையும் நானே எழுதிக் கொடுத்து, எங்கே இடிக்கிறது என்று கேட்கிறேன். 1-ஐ எக்ஸ் வர்க்கத்தால் வகுத்து, மைனஸ் 1-இலிருந்து 1 வரை தொகையிடும் கணக்கு இதற்கு வாகானது. சூத்திரத்தைக் கண்மூடிப் போட்டால் மைனஸ் 2 வரும். வளைகோடு முழுக்க அச்சுக்கு மேலே இருக்கிறது, அதன் கீழே உள்ள பரப்பு எப்படி மைனஸ் ஆகும்? நடுவில் பூஜ்யத்தில் வளைகோடு வானத்துக்குப் போய்விடுவதைக் கவனிக்காமல் அதன் மேலேயே நடந்து போனதால் வந்த வினை. அதை ஒரு மாணவர் கண்டுபிடிக்கும்போது முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

திறமைசாலிப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். சட்டென்று விடை சொல்பவரைத்தான் நாம் கெட்டிக்காரர் என்கிறோம். விடையைக் கருவி கொடுக்கிற காலத்தில் அந்த அளவுகோல் செல்லாது. விடை வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் சரக்கு தெரியும். இதை எனக்குக் காட்டியவர், பண்ருட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும், இரண்டு அரியர் வைத்திருந்த ஒரு மாணவி.

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 மார்கழியில்தான் வரும். 2012 முதல் அது தேசியக் கணித தினம். வழக்கமாக அன்று படத்துக்கு மாலை போட்டு, வினாடி வினா வைத்துக் கலைவோம். கல்லூரித் தேர்வில் தோற்ற மனிதருக்கு மாலை போட்டுவிட்டு அரியர்காரர்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பது நமக்குக் கைவந்த கலை. ஒரு வருடம் மட்டும், வீட்டு வாசலில் போட்ட கோலத்தின் புள்ளிகளை எண்ணிக்கொண்டு வரச் சொன்னேன்.

அந்த மாணவி கொண்டுவந்தது சந்துப்புள்ளி, 15-க்கு 8. நடு வரிசையில் 15 புள்ளி, இருபக்கமும் 14, 13 என்று குறைந்து 8-இல் நிற்கும். எண்ணினால் 169. "இது 13 இன்ட்டூ 13 சார். ஆனா சதுரமே இல்லையே, ஆறு மூலை இருக்கு" என்றார். பிறகு 5-க்கு 3 போட்டுப் பார்த்தார், 19. 7-க்கு 4, 37. இவை சதுர எண்கள் இல்லை.

வகுப்பில் ரூபிக் கியூபோடு திரியும் பையன் ஒருவன் உண்டு, பாடத்தின்போது நான் பலமுறை பிடுங்கி வைத்தது. அவன் கியூபின் ஒரு மூலையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தபடி, "சார், இப்படிப் பார்த்தா 19 கட்டைதான் கண்ணுல படுது" என்றான். 27 கட்டையில் மறைவது 8. அதாவது 3-இன் கனத்திலிருந்து 2-இன் கனத்தைக் கழித்தால் 19. அந்த மாணவி உடனே நோட்டைத் திருப்பினார். 8-இன் கனம் 512, 7-இன் கனம் 343, கழித்தால் 169. கோலம் கனசதுரத்தின் மூலையாகிவிட்டது. நான் சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

15-க்கு 8-ஐத் தாண்டி, மொத்தம் சதுர எண்ணாக வரும் கோலம் இன்னொன்று உண்டா என்பது அடுத்த கேள்வி. ஓரத்து வரிசை 20 புள்ளி ஆகும் வரை கையால் போட்டுப் பார்த்தார்கள், சிக்கவில்லை. 'இருக்காது' என்று பாதிப் பேர் கு.ம. எழுதினார்கள். அப்புறம்தான் போனை எடுக்கச் சொன்னேன். எக்செல் மாதிரி ஒரு செயலியில் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுத்தார்கள். 105-ஆவது வரியில், அதாவது ஓரத்து வரிசை 105 புள்ளி ஆகும்போது, சிக்கியது: 32,761 புள்ளிகள், 181-இன் வர்க்கம். நடு வரிசைக்கு 209 புள்ளி.

மறுநாள் வந்து அந்த மாணவி சொன்னார்: "அம்மாகிட்ட சொன்னேன் சார். 209 புள்ளிக்கு நம்ம தெரு அகலம் பத்தாது, நீ உங்க சார் வீட்டு வாசல்லயே போட்டுக்கோன்னுட்டாங்க."