முனை மூடிய மூன்று அமினோ அமிலங்கள்

சென்னையில் காலையில் எந்த லேப்புக்குப் போனாலும் தைராய்டு டெஸ்டுக்காக யாராவது காத்திருப்பார்கள். ரிப்போர்ட் வந்ததும் கண் போவது டி.எஸ்.எச். வரிக்குத்தான். பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன் அது. பிட்யூட்டரியை வேலை வாங்குவது டி.ஆர்.எச். மூளையின் ஹைப்போதலாமஸில் சுரக்கும் இதைச் சாதாரண ரிப்போர்ட்டில் பார்க்க முடியாது.

புரதத்தின் கட்டுமானக் கற்கள் அமினோ அமிலங்கள்; அவை கோத்த சிறு சங்கிலிதான் பெப்டைடு. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், டி.ஆர்.எச்.சில் மூன்றே மூன்று. சாம்பார் பருப்பு செரிக்கும்போதுகூட இரண்டும் மூன்றுமாக இப்படிப்பட்ட பெப்டைடு துண்டுகள் உருவாகின்றன. குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்ள, நொதிகள் பெரும்பாலானவற்றை உடைத்துத் தீர்த்துவிடும். சரி, டி.ஆர்.எச். மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

சூட்சுமம் முனைகளில் இருக்கிறது. பல நொதிகள் பெப்டைடை நுனியிலிருந்துதான் கடிக்கும். டி.ஆர்.எச்.சின் ஒரு நுனியில் குளுட்டமிக் அமிலம் வளையமாகச் சுருண்டிருக்கிறது; மறு நுனியில் புரோலின் அமைடாக மாறியிருக்கிறது, அதாவது நைட்ரஜன் கொண்ட ஒரு தொகுதி அந்த நுனியை மூடியிருக்கிறது; நடுவில் ஹிஸ்டிடின். அப்படியும் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாங்கும். பிட்யூட்டரி பக்கத்திலேயே இருப்பதால் அது போதும்.

இதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. விஞ்ஞானிகள் இருவர் போட்டி போட்டார்கள்: ரோஜர் கில்லெமின் குழு ஆட்டு மூளைகளையும், ஆண்ட்ரூ ஷாலி குழு பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் திரட்டின. கிடைத்தது மில்லிகிராம் கணக்கில். மூன்று அமினோ அமிலங்களையும் ஆறு வரிசைகளிலும் கோத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட வேலை செய்யவில்லை. நுனியை மூடிய பிறகுதான் உயிர் வந்தது. 1969-இல் வடிவம் உறுதியானது, 1977-இல் இருவருக்கும் நோபல்.

இரண்டே அமினோ அமிலங்களில் ஆனதும் உண்டு. மட்டனில் நிறைய இருக்கும் கார்னோசின் அப்படித்தான். ரஷ்யாவில் வேதியியலாளர் குலேவிச் 1900-இல் இறைச்சிச் சாற்றில் கண்டது. தசையில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். அதிலிருக்கும் பீட்டா அலனின் வழக்கமான அமினோ அமிலம் அல்ல, அதனால் பல நொதிகளுக்குப் பிடி கிடைப்பதில்லை. நம் செல்களுக்குள் இருக்கும், மூன்று அமினோ அமிலங்களாலான குளுட்டாதியோனிலும் ஓர் இணைப்பு வழக்கத்துக்கு மாறான இடத்தில் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் காவலே இல்லாதது கியோட்டார்ஃபின். 1979-இல் ஜப்பானியர்கள் மாட்டு மூளையில் கண்டெடுத்த வலிநிவாரணி. டைரோசினும் ஆர்ஜினினும், அவ்வளவுதான். நொதிகள் சட்டென உடைத்துவிடும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதும் கஷ்டம். அப்புறம் வேதியியலாளர்கள் அதன் ஒரு நுனியை டி.ஆர்.எச். பாணியில் அமைடாக்கி எலிகளுக்கு ஊசி போட்டார்கள். வலி குறைந்தது.